கையெழுத்துக்குப் பிறகு அடித்த கோடு

போன மாதம் வைட்ஃபீல்டில் என் மகள் வீடு மாறினாள். சாமான் ஏற்றி வந்த சின்ன லாரிக்காரர், பீரோவை இறக்கி வைத்துவிட்டு, லிஃப்ட் பக்கத்தில் நின்றபடி போனில் தன் வண்டி இன்சூரன்ஸைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். பழக்கதோஷம், விடவில்லை. திரையில் வரிசையாகக் கட்டங்கள். ‘சம்பள டிரைவர்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக். அவர் அதைத் தட்டி எடுத்தார். மொத்தத் தொகை கொஞ்சம் இறங்கியது, அவர் முகம் மலர்ந்தது.

“அதை எடுக்காதீங்க” என்றேன்.

“நானே ஓட்டறேம்மா. டிரைவருக்குன்னு எதுக்குத் தண்டமா கட்டணும்?”

“ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?”

“எங்க அண்ணன் பேர்ல.”

“அப்போ ஓனர் உங்க அண்ணன். நீங்க டிரைவர். டிக்கைப் போடுங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டிக்கைத் திரும்பப் போட்டார். உள்ளே போனதும் மகள் பிடித்துக்கொண்டாள். “அம்மா, ஊர்ல போறவங்க போனையெல்லாம் எட்டிப் பாக்காதே, மானம் போகுது.” மானம் போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரிக்காக நான் மெமோ வாங்கியவள். அவளுக்கு அந்தக் கதை முழுசாகத் தெரியாது.

என் பழைய அலுவலகப் பிள்ளைகள் ஓய்வு பெற்றோர் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி நச்சரிக்கிறார்கள். ‘ஒத்தை லாரி வச்சிருக்கறவங்க ஏன் மேடம் இவ்வளவு கட்டறாங்க? உங்க காலத்திலயும் இப்படித்தானா?’ என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்விக்கும் எனக்குக் கிடைத்த மெமோவுக்கும் சம்பந்தம் உண்டு. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் ஆஸ்டின் டவுன்காரி. இன்சூரன்ஸ் கம்பெனியில் டைப்பிஸ்டாக நுழைந்து, பரீட்சை எழுதி உதவியாளராகி, தொண்ணூற்றொன்றில் கலாசிபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த கிளைக்கு மோட்டார் பிரிவுக்கு மாற்றலானேன். பயிற்சி என்று பத்து நாள் ஓர் அறையில் உட்கார வைத்து, கட்டண விதிப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மற்றதை லாரிக்காரர்கள் கற்றுக் கொடுத்தார்கள். மாடியில் அலுவலகம், கீழே லாரி புக்கிங் ஆபீஸ்கள், சுற்றிலும் டயர்க் கடைகள். காலை பத்து மணிக்கெல்லாம் என் கவுண்ட்டர் முன்னால் லுங்கியும் தோளில் துண்டுமாகக் கூட்டம் சேர்ந்துவிடும். தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு எல்லாம் ஒரே வாக்கியத்தில் வரும். எனக்கு அது சொந்த வீட்டுப் பேச்சு. கூட வேலை செய்தவர்கள் திணறிய இடத்தில் நான் கால் மேல் கால் போட்டு வேலை செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

இப்போது அந்தப் பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். லாரிக்குக் கட்டும் பிரீமியத்தில் இரண்டு பங்கு. ஒன்று வண்டிக்கு. வண்டி நசுங்கினால், எரிந்தால், திருடு போனால் அதற்கு. வண்டிக்கு ஒரு விலை உண்டு, நஷ்டம் அதைத் தாண்டாது. இன்னொரு பங்கு, அந்த வண்டி மோதி அடிபடுகிறவர்களுக்கு. அங்கேதான் காசு ஏறுகிறது. சாலையில் செத்துப் போகிறவருக்கு இவ்வளவுக்கு மேல் கிடையாது என்று சட்டம் எல்லை வைக்கவில்லை. பத்து டன் ஏற்றிய வண்டி மோதினால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை, அதனால் எடை கூடக் கூடக் கட்டணமும் கூடும். விகிதம் அச்சடித்த புத்தகத்தில் இருந்தது. கிளை மேலாளரின் மாமனார் வந்தாலும் ஒரு பைசா குறைக்க முடியாது.

ஒத்தை லாரிக்காரருக்கு இது கட்டுப்படியாகாது. “பத்து வருஷமா ஓட்டறேன் மேடம், ஒரு கோழியைக்கூட அடிச்சதில்ல. எனக்கும் அதே ரேட்டா?” என்பார்கள். அதே ரேட்தான். யார் அடிக்கப் போகிறார் என்று முன்கூட்டித் தெரியாததால் எல்லாரும் சேர்ந்து போட்டு வைக்கிற பணம் அது என்று விளக்குவேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, “சரி, ஏதாவது கழிச்சுக் குடுங்க” என்று ஆரம்பித்த இடத்துக்கே வருவார்கள். ஐம்பது லாரி வைத்திருக்கும் கம்பெனிக்கு இதைப் படித்துப் பார்க்கவே ஒரு குமாஸ்தா உண்டு. ஒத்தை லாரிக்காரர் ஓட்டுகிறவரும் அவரே, லோடு கட்டுகிறவரும் அவரே. அவர் கடைசி வரியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் பார்ப்பார். அந்த மொத்தத்தில் எங்கள் கைக்கு எட்டும்படி இருந்தவை இரண்டே சில்லறை வரிகள்: டிரைவருக்கு இவ்வளவு, கிளீனருக்கு இவ்வளவு. இரண்டு பேர் ஓட்டலில் டிபன் சாப்பிடும் காசு வரும்.

எங்கள் கிளை மேலாளர் கேசவமூர்த்தி சார். மைசூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் புரியும், பேச ஆரம்பித்தால் மூன்றாவது சொல்லில் கன்னடத்துக்குப் போய்விடுவார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவருக்குக் கோபம் வந்தால் “கூத்கொள்ளி” என்று நாற்காலியைக் காட்டுவார். உட்காருங்கள் என்று மரியாதையாகச் சொல்கிறார், அவ்வளவுதானே என்று வெளியாள் நினைப்பான். திட்டு விழப்போகிறது என்று எங்களுக்குத்தான் தெரியும். நல்ல சேதி என்றால் நிற்க வைத்தே சொல்லி அனுப்பிவிடுவார்.

அவருக்கென்று மூன்று பிடிவாதங்கள் இருந்தன. தவணை தவறி வந்த வண்டியை நேரில் பார்க்காமல் புதுப்பிக்கக் கூடாது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி, சேஸிஸ் எண் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து வர வேண்டும். இரண்டாவது, யார் வந்தாலும் தொகை சொல்லும் முன் “காடி யாரு ஓடிஸ்தாரே?” என்று கேட்க வேண்டும். வண்டியை யார் ஓட்டுகிறார் என்ற அந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதிய கவர் நோட்டை, அதாவது பாலிசி வரும்வரை கொடுக்கும் தற்காலிகத் தாளை, அவர் திருப்பி அனுப்பிவிடுவார். மூன்றாவது, கோப்பில் சேரும் ஒவ்வொரு தாளுக்கும் வலது மூலையில் அவரே பென்சிலால் எண் போடுவார். டீக்கடை ரசீது வந்தாலும் அதற்கு ஓர் எண் உண்டு. மூன்றாவதைப் பார்த்து நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறோம்.

சரோஜா என்கிற லாரி உரிமையாளர் அந்தக் கவுண்ட்டருக்குத்தான் வந்தாள். ஜோகுபாளையத்துக்காரி, என் வயசுதான். கணவர் ஏழுமலை டிரைவர். இருபது வருஷம் ஊரார் வண்டி ஓட்டியவர். சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கப் போனபோது, இரும்பு அவர் பேருக்கு ஆகாது, சம்சாரம் பேருக்குத்தான் ஆகும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். இப்படி மனைவி பேரில் ஓடிய லாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மற்ற வீடுகளில் மனைவி ஆர்.சி. புத்தகத்தில் மட்டும்தான் ஓனர். சரோஜா அந்தப் புத்தகத்தை நம்பிவிட்டாள். லோடு பிடிப்பது, பர்மிட், எஃப்.சி., டயர் எல்லாம் அவள் பொறுப்பு. ஏழுமலைக்கு ஸ்டீயரிங் மட்டும். ட்ரிப்புக்கு இவ்வளவு பேட்டா என்று மற்ற ஓனர்கள் டிரைவர்களுக்குக் கொடுப்பது போலவே அவருக்கும் கொடுத்தாள்.

முதல் வருஷம் நான் அவளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சரக்கு லாரியில் ஆள் ஏற்றக் கூடாது, ஏற்றி யாருக்காவது ஏதாவது ஆனால் பாலிசி துணைக்கு வராது, வீட்டை விற்க வேண்டி வரும். அடுத்த சில மாதத்தில் ஏழுமலை யாரோ சொந்தக்காரர் கல்யாணத்துக்கு முப்பது பேரை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை போய் வந்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் சரோஜா எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஒரு தாளை நீட்டினாள். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். அதில் இப்படி எழுதியிருந்தது:

‘ஐயா, என் லாரிக்கு டிரைவராக இருந்த என் வீட்டுக்காரர் ஏழுமலை, என் பேச்சை மீறி கல்யாண ஜனத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனபடியால், அவரை இன்று முதல் வேலையிலிருந்து நிறுத்தி இருக்கிறேன். வேறு டிரைவர் போட்டிருக்கிறேன். புது டிரைவர் லைசென்ஸ் நகல் வைத்திருக்கிறேன். இப்படிக்கு, ஓனர் சரோஜா.’

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் வாங்கிப் படித்துவிட்டு, தன் மனைவிக்குத் தெரிந்தால் ஆபத்து என்றார். சரோஜா சிரிக்கவில்லை. “நீங்கதானே மேடம் யார் ஓட்டறாங்கன்னு கேட்டுனே இருப்பீங்க? அதான் எழுதிக் குடுத்தேன்” என்றாள். கேசவமூர்த்தி சாரும் சிரிக்கவில்லை. வாங்கிப் பார்த்து, மூலையில் 17 என்று எண் போட்டுக் கோப்பில் சேர்த்தார். ஒரு மாதம் கழித்து ஏழுமலை பழையபடி ஸ்டீயரிங்கில் இருந்தார். “வீட்ல குந்திக்கினு நான் சமைக்கறதுல நொட்டை சொல்லிக்கினே இருந்தாரு. தொல்லை தாங்காம திரும்பச் சேத்துக்கினேன்” என்று சரோஜா சொன்னாள்.

அதற்கு அடுத்த புதுப்பிப்பின்போதுதான் நான் தவறு செய்தேன். சரோஜாவுக்குக் காய்ச்சல். விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, ஏழுமலையிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். கேசவமூர்த்தி சார் மகள் கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்தார். மார்ச் மாதக் கடைசி, கவுண்ட்டரில் நெரிசல். ஏழுமலை தாளில் விரலை வைத்துக் காட்டினார்.

“டிரைவருக்குன்னு ஒண்ணு போட்டுக்கீதே மேடம், அது யாரு? நான்தானே? கட்டின புருஷனை யாராவது டிரைவர்னு இன்சூரன்ஸ் கட்டுவாங்களா? அடிச்சுடுங்க. அந்தக் காசுல புள்ளைங்களுக்கு பேல்பூரி வாங்கினு போறேன்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த மனுஷனுக்கு ஏதோ நல்லது செய்கிற நினைப்பு வேறு. ஸ்கேலை வைத்து அந்த வரியின் மேல் கோடு அடித்தேன். மொத்தத்தைத் திருத்தினேன். கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தில் எதைத் திருத்தினாலும் போட்டவரிடமே பக்கத்தில் சுருக்கொப்பம் வாங்க வேண்டும். அது விதி. நானே புதுசாக வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதி. ஏழுமலை பேல்பூரி வாங்கப் போனார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஏழாவது மாதம் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஏழுமலையின் லாரி பிரேக் பிடிக்காமல் போனது. முன்னால் பஸ் போய்க்கொண்டிருந்தது. அவர் ஸ்டீயரிங்கை ஒடித்துப் பாறையில் மோதினார். பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் கீறல் இல்லை. அவருடைய வலது கால் சேலம் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேல் போயிற்று.

இனிமேல் அவரால் லாரி ஓட்ட முடியாது. வேறு வண்டிக்காரர் மேல் தவறு இல்லாததால் வேறு யாரிடமும் கேட்கவும் முடியாது. அவருக்கு மீதி இருந்தது ஒரே வழி. வேலையில் இருக்கும்போது டிரைவர் அடிபட்டால் ஓனர் இழப்பீடு தர வேண்டும், ஓனருடைய அந்தப் பொறுப்பை நாங்கள் ஏற்க வேண்டும். ஆகவே ஏழுமலை தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் தன் மனைவி மேல் வழக்குப் போட்டார். முதல் எதிர்த்தரப்பு சரோஜா, இரண்டாவது நாங்கள். இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வந்து ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள்.

எங்கள் வக்கீல் கோப்பைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார். கணவன் மனைவிக்கு வேலைக்காரன் ஆக முடியாது என்பது அவர் முதல் வாதம். டிரைவர் யாரும் இல்லை என்று ஓனரே அந்த வரியை அடித்திருக்கிறார் என்பது இரண்டாவது. அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவள் நான். விசாரணைக்கு முதல்நாள் மேஜையில் கோப்பை விரித்து வைத்து எனக்குப் பாடம் எடுத்தார். “யார் சொல்லி அடிச்சீங்கன்னு கேட்டா, பார்ட்டி சொல்லி அடிச்சேன்னு சொல்லுங்க. அவ்வளவு போதும்.” பிறகு பதினேழாம் தாளில் வந்து நின்றார். “இது நமக்கெதுக்கு மேடம்? கழட்டி டிராயருக்குள்ள வச்சிடுங்க.”

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் பதவி உயர்வுப் பட்டியலில் என் பேர் இருந்தது. வீட்டில் என் சம்பளம்தான் நிலையான சம்பளம். கோடு அடித்தது நான், கேட்காமல் அடித்தது நான் என்று வெளியே வந்தால் பட்டியல் போச்சு. பயமாக இருந்தது. அதைவிட, சரோஜா முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டுமே என்பது பெரிய பயமாக இருந்தது. கோப்பை எடுத்துக்கொண்டு கேசவமூர்த்தி சார் அறைக்குப் போனேன். அவர் அந்த வரியைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த வெற்று இடத்தைப் பார்த்தார்.

“கூத்கொள்ளி” என்றார்.

உட்கார்ந்தேன்.

“இதை அடிச்சது யாரு?”

“நான்தான் சார்.”

“ஓனரைக் கேட்டீங்களா?”

“இல்ல சார். அவங்க வரல. ஏழுமலை சொன்னாரு, அடிச்சுட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அங்கே இதைச் சொன்னா, மெமோ நானேதான் கொடுக்கணும். கொத்தா?”

தெரியும் என்றேன்.

“சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது. அதுவும் கொத்தா?”

அதுவும் தெரியும் என்றேன். அவர் கோப்பை மூடி என்னிடம் தள்ளினார். “பேஜ் பதினாறு இருக்கு, பதினெட்டு இருக்கு. பதினேழு எல்லி, எங்கேன்னு நாளைக்கு யாராவது கேட்டா, பதில் சொல்றது நான் இல்லை.” தாளை எடு என்றும் சொல்லவில்லை, உண்மையைச் சொல் என்றும் சொல்லவில்லை. முடிவை என் கையிலேயே விட்டுவிட்டார். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் ஆணையர் முன் முழுக் கோப்பையும் வைத்தேன். வக்கீல் கேட்டார், யார் சொல்லி அடித்தீர்கள் என்று. “ஓனர் சொல்லலை. ஓனர் கையெழுத்துப் போட்டு அனுப்பின தாள்ல, அவங்களைக் கேக்காம நான் அடிச்சேன். ஓட்டறவர் ஏழுமலைன்னு எனக்கு நல்லாத் தெரியும்” என்றேன். வக்கீல் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆணையர் தாள்களைப் புரட்டிப் பதினேழில் நின்றார். அவருக்குத் தமிழ் படிக்க வராது. என்னையே படிக்கச் சொன்னார். படித்துக் கன்னடத்தில் சொன்னேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏழுமலை ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தார். சரோஜா எழுந்தாள். “இன்னா சிரிப்பு? ஆள் ஏத்தக் கூடாதுன்னா ஏத்தக் கூடாது. யாரா இருந்தா இன்னா?” என்றாள்.

ஆணையர் எங்கள் வக்கீலிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வேலையை விட்டு எடுத்ததாக ஓனர் எழுதிக் கொடுத்ததை உங்கள் கம்பெனி வாங்கி நம்பர் போட்டு வைத்திருக்கிறதே, வேலையில் இல்லாதவரை எப்படி ஐயா வேலையை விட்டு எடுப்பார்?

வெளியே வராந்தாவில் சரோஜா என் எதிரே வந்து நின்றாள். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன், அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோட்டைப் பற்றி அவள் அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கேள்விப்படுகிறாள் என்பதை மறந்துவிட்டேன்.

“நான் கையெழுத்துப் போட்டு அனுப்பின காயிதம் மேடம் அது. அதும் மேல எப்படி நீங்க கை வைக்கலாம்?”

தப்புதான், மன்னித்துக்கொள் என்றேன். அவள் ஏழுமலையைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஏழுமலைக்கு இழப்பீடு தர வேண்டும், அதை நாங்களே கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மேல்முறையீடு வேண்டாம் என்று கேசவமூர்த்தி சார் குறிப்பு எழுதினார். அதே வாரம் எனக்கு மெமோவும் கொடுத்தார். உட்காரச் சொல்லவில்லை. தானும் எழுந்து நின்று கொடுத்தார். ஒரு வருஷ ஊதிய உயர்வு நின்றது, பட்டியலில் என் பேர் மூன்று வருஷம் பின்னால் போனது. அந்தப் பதவி பிறகு வந்தது, இரண்டாயிரத்துக்குப் பின் அதே கிளையில் அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து ஓய்வு பெற்றேன். தாளுக்கு எண் போட்டேன். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னாலும் சிரித்திருப்பார்கள்.

மெமோ வந்த அடுத்த மார்ச்சில் லாரியைப் பழுது பார்த்து, புது டிரைவர் போட்டு, சரோஜா புதுப்பிக்க வந்தாள். வேறு கவுண்ட்டர் காலியாக இருந்தும் என்னிடம்தான் வந்தாள். யார் ஓட்டுகிறார் என்று கேட்டேன். பேர் சொன்னாள். டிரைவர் வரி, கிளீனர் வரி இரண்டையும் என்னை உரக்கப் படிக்க வைத்துக் கேட்டாள். என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவுக்காகக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

“நீங்க சீல் போட்டு பாலிசியைக் கையில குடுங்க மேடம். அதுவரைக்கும் பேனா என்கிட்ட இருக்கட்டும்.”

வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். நான் பக்கத்து மேஜையில் பேனா கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தட்டச்சு ஆகி, சீல் விழுந்து, பாலிசி வரும்வரை உட்கார்ந்திருந்தேன். அதை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்து மடித்துப் பையில் வைத்த பிறகுதான் பேனாவை மூடி போட்டு என் முன்னால் வைத்தாள். நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு மார்ச்சும் அப்படித்தான். நான் மேலாளர் ஆன பிறகும் என் அறைக்கே வந்து கையெழுத்துப் போட்டாள், பேனாவைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். நானும் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை.